கார்வில்லில் எல்லோருக்கும் பதினாலு வயது

1917 ஜனவரி 8, திங்கள்

இந்த நோட்டில் இதை எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை. நோட்டு கமிட்டியுடையது. வீடுவீடாகப் போய்ப் பார்ப்பதை முன்பக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி கமிட்டித் தலைவி மிஸ் வாட்லோ கொடுத்தார். நான் பின்பக்கத்திலிருந்து தமிழில் தொடங்கியிருக்கிறேன். இரண்டும் நடுவில் சந்திப்பதற்குள் என் வேலை முடிந்துவிடும்.

ஐந்து மாதமாகத் தமிழில் ஒரு சொல் பேசவில்லை. அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் ஐயா கோயில் வாசலில் நின்று உரக்கப் படித்துக் காட்டுவார். நூல் மில் கூலிகள் குடியிருக்கும் எங்கள் மில் லைன் முழுக்கக் கேட்கும். எல்லோரும் கேட்கக்கூடியதைத்தான் அதில் எழுத முடியும். பனி பெய்கிறது, சுகமாயிருக்கிறேன், ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். மற்றதை வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

எங்கள் மில் லைனில் பி.ஏ. படித்த முதல் ஆள் தேவக்கனி. ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பட்டத்தில் அந்தப் பெயரைக் கறுப்பு மையில் அழகாக எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் அமெரிக்க மாதர் சங்கம் ஒன்று சமூக ஊழியம் படிக்க என்னை இங்கே வரவழைத்தது. நான்கு மாதம் நகரத்தில் வகுப்பு. இனி மே மாதம் வரை கார்வில்லில் பயிற்சி.

இது நூல் ஆலைகளின் ஊர். ஓர் ஆறு, அதன் கரையில் ஏழு ஆலைகள். பதினாலு வயது நிறையாதவர்கள் ஆலையில் வேலை செய்யக்கூடாது என்று இந்த மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. சென்ற ஆண்டு தேசம் முழுமைக்கும் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். அது செப்டம்பரில் அமலுக்கு வரும். ஆனால் வயதுச் சீட்டைக் காட்டினால் ஆலைக்குள் விட்டுவிடுகிறார்கள், சீட்டு யாருடையது என்று யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க ஆலைதோறும் ஓர் ஆய்வாளர் வேண்டும் என்று மிஸ் வாட்லோவின் கமிட்டி கேட்கிறது. மார்ச்சில் சட்டசபைக் குழுவின் விசாரணை. அதற்குள் எத்தனை குழந்தைகள் பொய்ச் சீட்டில் வேலை செய்கிறார்கள் என்று நாங்கள் ஆதாரத்தோடு காட்ட வேண்டும்.

விடியுமுன் ஆலைச் சங்கு ஊதியது. எழுந்து உட்கார்ந்து கால்களைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம்தான் எந்த ஊர் என்று நினைவு வந்தது.

ஜனவரி 9

சேலைக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் சால்வை. கண்ணாடியில் ஒரு மூட்டை நிற்கிறது.

ஜனவரி 14, ஞாயிறு

கோயிலில் நான் உட்கார்ந்த பெஞ்சு கடைசியாகத்தான் நிறைந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் சிரித்தபடியே அடுத்த பெஞ்சுக்குப் போனார்கள்.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் மிஸஸ் டோலன் அயர்லாந்தில் பிறந்தவர். அவர் பேசுவது புத்தக ஆங்கிலம் இல்லை. எங்கள் ஊர்ச் சந்தையில் மீன்காரம்மா பேசுவது போல இருக்கும். எழுதும்போதும் அப்படியே வருகிறது.

"ஏம்மா டேவி, தலைக்கு என்னத்தத் தடவுற? தலகாணி உறையைப் பிழிஞ்சா ஒரு விளக்கு ஏத்தலாம் போல இருக்கு."

மன்னிப்புக் கேட்டேன். உறையை நானே துவைக்கிறேன் என்றேன்.

"துவைக்கிறது கிடக்கட்டும். இப்படி வந்து உட்காரு. ஒத்தையில சாப்பிட்டா ஒடம்புல ஒட்டாது." பிறகு உருளைக்கிழங்கை உரித்தபடியே கேட்டார்: "உங்க வாட்லோ அம்மா இன்னும் அந்த மஞ்சப் பட்டையக் குத்திக்கிட்டுத்தான் அலையுதா?"

பெண்களுக்கு வோட்டுக் கேட்பவர்கள் அணியும் பட்டை அது. ஆமாம் என்றேன்.

"ரெண்டு வருசம் முன்னால ஆம்பளைங்களக் கேட்டாங்க, பொம்பளைங்களுக்கு வோட்டுத் தரலாமான்னு. என் புருஷன் போயி, தராதேன்னு போட்டுட்டு, நேரா என்கிட்ட வந்து சோத்துக்கு உட்கார்ந்தான்."

"கொடுத்தீர்களா?"

"கொடுக்காம? ஆறிப்போன சூப்பு. மூணு நாள்."

இந்த ஊருக்கு வந்து முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது.

ஜனவரி 19

முப்பத்தொரு வீடு பார்த்தாயிற்று. வேலைக்குப் போகும் சிறுவர் சிறுமியர் நாற்பத்தாறு பேர். எல்லோருக்கும் சீட்டு இருக்கிறது. எல்லோருக்கும் பதினாலு வயது. சிலர் என் இடுப்பு உயரம்தான்.

மிஸ் வாட்லோ அட்டைகளைப் புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஊர்ல பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு வயசுல ஆளே கிடையாது மிஸ் டேவா. பத்து வயசுல படுக்கப் போறாங்க, எழுந்திருக்கும்போது பதினாலு."

தேவக்கனி என்பது அவர் வாயில் நுழையவில்லை. அவருக்கு டேவா, மிஸஸ் டோலனுக்கு டேவி. கமிட்டியின் பதிவேட்டில் டயானா என்று இருக்கிறது; திருத்தச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. யார் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிவிடுகிறேன். எனக்கு அது சுலபம்.

ஜனவரி 23

இன்று ஆற்றோரத் தெருவில் மூன்றாம் மாடி வீடு. கதவில் கோஸ்தா என்று எழுதியிருந்தது. தூத்துக்குடிப் பக்கம் கேட்ட பெயர் இங்கே எப்படி என்று நின்றுவிட்டேன். போர்ச்சுகலைச் சேர்ந்த ஏதோ ஒரு தீவிலிருந்து வந்தவர்களாம். தாய் ஆலையில் நூல் சுற்றும் பகுதியில் இருக்கிறார். தகப்பன் மீன்பிடிக் கப்பலில் போய்விட்டான், திரும்பும் உத்தேசமில்லை. ஒரே மகள். ஒல்லியாக, பெரிய காதுகளோடு இருக்கிறாள். நூற்பு அறையில் நூல் நிறைந்த பாபின் உருளைகளைக் கழற்றி வெறும் பாபின் மாட்டும் வேலை.

தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. மகள்தான் மொழிபெயர்த்தாள். மகளின் வயதைத் தாயிடம் கேட்க, மகளே கேட்டு, மகளே பதில் சொன்னாள்.

"அம்மா சொல்றாங்க, பதினாலு. போன அக்டோபர்ல முடிஞ்சுது. பேரு பிலோமினா கோஸ்தா. சீட்டு இந்தா."

அம்மா அவ்வளவு நீளமாக எதுவும் சொல்லவில்லை.

சீட்டு உண்மையானதுதான். கப்பல் ஆபீஸ் முத்திரையும் பாதிரியார் கையெழுத்தும் இருந்தன. நான் எழுதிக்கொண்டிருக்கும்போது மிஸஸ் கோஸ்தா காப்பி கொண்டுவந்து வைத்தார். மகளைக் கூப்பிடும்போதெல்லாம் "ஃபில்யா" என்றார். "மகளே" என்று அர்த்தமாம். நான் அங்கே இருந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு தடவைகூட அவர் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

அதை அட்டையில் எழுதவில்லை.

பிப்ரவரி 2

ஆற்றுப் பாலத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். நோட்டு ஒரு பக்கம், அட்டைகள் ஒரு பக்கம். ஆலை விட்டு வந்த கூட்டத்திலிருந்து ஒரு சின்னக் கை என் முழங்கையைப் பிடித்தது. கோஸ்தா வீட்டுப் பெண்.

"குதிகாலை முதல்ல வைக்காதீங்க. பாதம் முழுசையும் ஒண்ணா வைங்க. வாத்து மாதிரி."

வாத்து மாதிரி என் அறை வரை நடத்திக் கூட்டி வந்தாள். அடுப்படியில் மிஸஸ் டோலன் தேநீரும் ரொட்டியும் வைத்தார். அவள் என் சேலைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்தாள். துணி எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, "நாற்பதாம் நம்பர் நூல்" என்றாள். நூலின் சன்னத்தைச் சரியாகச் சொன்னாள்.

பிறகு என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஏதாவது யோசிக்கும்போது கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றின் மேல் ஒன்று உருளும். கல்லூரியில் தோழிகள் கேலி செய்வார்கள். அறுந்த நூலின் இரண்டு முனைகளைச் சேர்த்து உருட்டுவது அப்படித்தான். அவள் தன் கையை மேசை மேல் வைத்தாள். அவள் விரல்களும் உருண்டுகொண்டிருந்தன.

"நீங்களும் ஆலையில இருந்தீங்களா?"

"இல்லை. அது வெறும் பழக்கம்" என்றேன்.

அவள் ரொட்டியைத் தின்றாள். நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மத்தியானம் அவள் மறுபடி வந்தாள். தமிழில் ஒன்று முதல் பத்து வரை சொல்லிக் கொடுத்தேன். "ஏழு" மட்டும் அவளுக்கு வரவில்லை. அவள் போன பிறகும் அறை கொஞ்ச நேரம் சூடாக இருந்தது.

பிப்ரவரி 7

இன்று கமிட்டிக் கூட்டம். நீள மேசையைச் சுற்றி ஒன்பது அம்மையார்கள், ஒரு டாக்டர். விசாரணைக்கு நான்கு வாரம்தான் இருக்கிறது. எல்லா அட்டையிலும் பதினாலு. டாக்டர், பல்லைப் பார்த்து வயது சொல்லலாம் என்றார். இன்னொருவர், ஆலைக்காரர் பல்லைப் பார்க்க விடமாட்டாரே என்றார். மிஸ் வாட்லோ கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் இதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. பேசியது என் குரல்தானா என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது.

"பின்னால் நின்று கூப்பிடலாம்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பெரும்பாலும் இறந்துபோன அக்கா, அண்ணன் சீட்டுத்தான். வீட்டில் முகத்துக்கு நேரே கேட்டால் பெயரைச் சொல்லிவிடுவார்கள். ஆலை விட்டுக் கூட்டமாக வரும்போது, பின்னாலிருந்து, சீட்டில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். தன் பெயராக இருந்தால் திரும்புவார்கள். இல்லாவிட்டால் இரண்டு அடி நடந்துவிட்டுத்தான் நினைவு வரும்."

பிறகு டாக்டர் மேசையைத் தட்டினார். மிஸ் வாட்லோ எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இது எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"ஊரில் கேள்விப்பட்டது" என்றேன்.

பிப்ரவரி 8

இன்று தெருவில் மூன்று பேர் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள்.

பிப்ரவரி 12

சாயங்காலம் ஆலைவாசல். நான்கு பேர் நான்கு இடத்தில் நின்றோம். நாங்கள் வீட்டில் பார்த்த முகங்கள் கடந்துபோகும்போது பின்னாலிருந்து பெயரைச் சொன்னோம். அவர்களில் பதினேழு பேர் நடந்துகொண்டே போனார்கள். ஒரு பெண் ஆறு அடி போய்விட்டு, பேயைக் கண்டவள் போலத் திரும்பினாள். மிஸ் வாட்லோவின் பென்சில் ஓயவில்லை.

கோஸ்தா வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டது மிஸ் வாட்லோ. "பிலோமினா!"

பெயர் முடியும் முன்பே திரும்பிவிட்டாள். தோள், தலை, கண் எல்லாம் ஒரே நொடியில்.

"இவள் நிஜமாகவே பிலோமினாதான்" என்று மிஸ் வாட்லோ பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார்.

நான் கோட்டுப் பைக்குள் விரல்களை உருட்டிக்கொண்டு நின்றேன். அந்தத் திரும்பலை எனக்குத் தெரியும்.

இதை எழுதினால் கிழித்துவிட வேண்டியிருக்குமோ என்னவோ. எழுதுகிறேன்.

ஊரைவிட்டு மில் லைனுக்கு நாங்கள் வந்து மூன்றே வாரம். அக்காவுக்கு ஒன்பது வயது, அங்கே மில்லில் சேர்க்கும் வயது. மில் டாக்டர் பல்லைப் பார்த்து, உயரம் அளந்து, சீட்டுக் கொடுத்துவிட்டார். கழுத்தில் நம்பர் போட்ட பித்தளை வில்லை. இருபது நாள் வேலைக்குப் போனாள். காலரா வந்தது. ஒரு ராத்திரியும் ஒரு பகலும்தான். அப்பா இல்லாத வீடு. அக்கம்பக்கத்தில் எங்கள் முகம் யாருக்கும் பழகவில்லை. மூன்றாம் நாள் காலையில் அம்மா அந்த வில்லையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து என் கழுத்தில் போட்டாள். எனக்கு ஏழு வயது.

அதற்குப் பிறகு அம்மா என்னைப் பழக்கத் தொடங்கினாள். நான் தண்ணீர் எடுக்கும்போது, விளையாடும்போது, தூங்கும்போது, பின்னாலிருந்து கூப்பிடுவாள். "ஏட்டி தேவக்கனி!" திரும்பாவிட்டால் தொடையில் கிள்ளு.

"அக்காளையா கூப்பிடுத, அம்மா?"

"ஒன்னியத்தான் கூப்பிடுதேன். இனிமே அதான் ஒம் பேரு. திரும்புட்டி."

கிள்ளிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பத்து நாளில் நான் பெயர் முடியும் முன்பே திரும்பக் கற்றுக்கொண்டேன். இரண்டரை வருடம் கழித்து மில் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா என்னை முழுநேரம் படிக்க எடுத்துக்கொண்டபோதும் பதிவேட்டில் அந்தப் பெயர்தான். பிறகு அம்மா என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வீட்டுக்குள்ளும் இல்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போதும் இல்லை.

பிப்ரவரி 15

பதினேழு பேரையும் ஆலை நிறுத்திவிட்டது. ஆற்றோரத் தெருவில் போனேன். ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது.

பிப்ரவரி 18, ஞாயிறு

அவள் வந்தாள். இருமிக்கொண்டே வந்தாள். பஞ்சுத் தூசி இருமல். அந்தச் சத்தமும் எனக்குத் தெரியும். தேநீரைக் குடித்து முடித்தாள். பிறகு கேட்டாள்:

"நான் திரும்பினது சரியா இருந்துச்சா?"

என் கையில் கரண்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ரொம்ப வேகம்" என்றேன். "சொந்தப் பேர் உள்ளவங்க அவ்வளவு சீக்கிரம் திரும்ப மாட்டாங்க."

அவள் தலையாட்டினாள், வேலையில் ஒரு குறையைச் சொன்னால் கேட்டுக்கொள்வது போல.

"பிலோமினா என் அக்கா. இங்க வந்த முதல் குளிர்காலத்துல போயிட்டா. என் பேரு ஜசிந்தா. எனக்குப் பதினொண்ணு." கொஞ்சம் பொறுத்து, "அம்மா சர்ச்சுல அக்காவுக்குப் பூசை வைக்க முடியல. பாதிரியார் புஸ்தகத்துல செத்தது நான்தானே. எனக்குப் பூசை வைக்கிறாங்க. நானும் பக்கத்துல முழங்கால் போட்டுக்குவேன்."

அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன்.

"நீங்க எழுதிடுவீங்களா?"

"தெரியலை."

"எழுதினா வேலை போயிடும். அம்மா அழுவாங்க." கிளம்பும்போது கதவைப் பிடித்தபடி திரும்பினாள். "உங்களோடது யாரோட பேரு?"

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காத்திருந்தாலும் சொல்லியிருப்பேனா?

பிப்ரவரி 20

அட்டை மேசை மேல் கிடக்கிறது.

பிப்ரவரி 21

அட்டை மேசை மேல் கிடக்கிறது. மிஸஸ் டோலன் தூசி தட்டும்போது அதை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தார். "அந்தக் குட்டி இருமுறது இங்க மாடி வரைக்கும் கேக்குது" என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி 26

எழுதிவிட்டேன். பெயர்: ஜசிந்தா கோஸ்தா. வயது: பதினொன்று. "தெரியவந்த விதம்" என்ற கட்டத்தில், நேரில் அறிந்தது என்று எழுதினேன்.

அவளிடம் சொல்லிவிட்டு எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 1

ஜசிந்தாவையும் ஆலை நிறுத்திவிட்டது. மிஸஸ் கோஸ்தா வந்தார். உள்ளே வரவில்லை, வாசற்படியில், பனியில் நின்றார். ஜசிந்தா பக்கத்தில் நின்றாள். தாய் என்னைப் பார்த்து நிதானமாக, சத்தமில்லாமல், நெடுநேரம் பேசினார்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் ஜசிந்தா.

அவள் கூலிக்கு ஈடாகப் பள்ளி உதவி தர கமிட்டி ஒப்புக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். அதை அவள் தாயிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் வாத்து மாதிரி பாதம் வைத்து, பாலத்தின் மேல் நடந்து போனார்கள். நான் கற்றுக்கொண்ட நடை.

மார்ச் 6

மாநிலத் தலைநகர். விசாரணை. கூரை எங்கோ உயரத்தில் இருந்தது. ஐந்து பேர் மேடையில்; அதில் ஒருவர் தூங்கினார். மிஸ் வாட்லோ ஒரு மணி நேரம் பேசினார். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. பதினேழு பெயர்களையும் பதினெட்டாவதாக ஒன்றையும் வாசித்தார். இதைக் கேட்ட ஐந்து பேருக்கும் வோட்டு இருக்கிறது, வாசித்தவருக்கு இல்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஆலை முதலாளிகளின் வக்கீல் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"அம்மையார் பட்டதாரி என்று அறிகிறேன். வெகு தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். இந்தப் பெயர் கூப்பிடும் சோதனை உங்களுடைய யோசனையாம். குழந்தை தன் பெயருக்குத் திரும்பாவிட்டால் அது பொய்ப் பெயர் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அறை முழுக்க என் முகத்தைப் பார்த்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மிஸ் வாட்லோவுக்கு அதைவிடப் பெரிய உதவி இருந்திருக்காது. பட்டம் நினைவுக்கு வந்தது. கறுப்பு மையில் எழுதிய அந்தப் பெயர். மாதர் சங்கம், கல்லூரி, அம்மா, கோயில் வாசல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"ஊரில் கேள்விப்பட்டது" என்றேன்.

"கேள்விப்பட்டது" என்றார் வக்கீல், மேடையைப் பார்த்து. "நன்றி. உட்காரலாம்."

ரயிலில் மிஸ் வாட்லோ ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்து எனக்குப் பாதி கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். கார்வில் வரும்வரை அது கையிலேயே இருந்தது.

மார்ச் 7

இன்று எழுத ஒன்றுமில்லை. காலுறை இரண்டு தைத்தேன்.

மார்ச் 20

பதினெட்டுப் பேரில் ஒன்பது பேர் பள்ளிக்கு வருகிறார்கள். எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டியது என் வேலை. ஜசிந்தா இரண்டாம் வரிசையில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். நான் வகுப்பின் பின்பக்கம் நின்றேன்.

ஆசிரியை இளம்பெண், நல்லவள். வருகைப் பதிவேட்டைத் திறந்து கூப்பிட ஆரம்பித்தாள்.

"ஜசிந்தா கோஸ்தா."

பதில் இல்லை.

"ஜசிந்தா கோஸ்தா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜசிந்தா!"

முன்வரிசைப் பையன் ஒருவன் சிரித்தான். "டீச்சர், அவளுக்குத் தன் பேரே தெரியாது!" வகுப்பே சிரித்தது. பக்கத்துப் பெண் முழங்கையால் இடித்த பிறகுதான் அவள் எழுந்தாள். காது இரண்டும் சிவந்துவிட்டன. கட்டைவிரலும் சுட்டுவிரலும் உருண்டுகொண்டிருந்தன.

ஆலைவாசலில் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. அவ்வளவு நன்றாகக் கற்றிருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் வெளியே காத்திருந்தேன். என்னைக் கடந்து போனாள். நான் பின்னாலிருந்து கூப்பிடவில்லை. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறது?

மார்ச் 25, ஞாயிறு

மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனேன். மிஸஸ் கோஸ்தா கதவைத் திறந்தார். மொழிபெயர்க்க ஜசிந்தா இல்லை. தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அதுவே நல்லதாகப் போயிற்று. தெரிந்த நான்கு போர்ச்சுகீசியச் சொற்களோடு போயிருந்தேன், மிஸஸ் டோலனின் மளிகைக்காரர் சொல்லிக் கொடுத்தவை. "அவளைக் கூப்பிடுங்கள். ஜசிந்தா. தினமும்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். நான் என் நெஞ்சைத் தொட்டு, இரண்டு விரல்களை உருட்டிக் காட்டினேன். பிறகு ஏழு விரல்களை நீட்டினேன். பிறகு ஒரு கையைத் தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் பிடித்தேன், அந்த வயதில் நான் இருந்த உயரம். பிறகு அக்கா உயரம். பிறகு அந்தக் கையைக் கீழே, தரை வரை கொண்டுபோனேன்.

இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னபோதும் வாயால் சொல்லவில்லை.

மிஸஸ் கோஸ்தா உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார்.

ஏப்ரல் 8, ஈஸ்டர்

பெரிய வெள்ளியன்று அமெரிக்கா போரில் இறங்கிவிட்டது. ஆலைகளுக்குச் சிப்பாய்த் துணி ஆர்டர் வந்திருக்கிறது. இனி இரவும் பகலும் இரண்டு முறையாக வேலை. ஆய்வாளர் மசோதாவைச் சட்டசபைக் குழு "மேல் ஆலோசனைக்கு" ஒத்திவைத்தது. மிஸ் வாட்லோ செய்தியை வாசித்துவிட்டு, மஞ்சள் பட்டையை நேராக்கிக் குத்திக்கொண்டு, அடுத்த வருடத்துக்கான அட்டைகளை அச்சுக்குக் கொடுக்கச் சொன்னார்.

"கோபம் வரலையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"வருது மிஸ் டேவா. அதை வச்சுக்கிட்டுத்தான் நடக்கிறேன்."

காலையில் போர்ச்சுகீசியக் கோயில் பக்கம் போனேன். பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. பாதிரியார் இன்று பிலோமினாவுக்காக வேண்டிக்கொண்டாராம். புத்தகத்தில் பெயரைத் திருத்திவிட்டார்கள். ஜசிந்தா கூட்டத்தோடு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். தாய் படிக்கட்டில் நின்று கூப்பிட்டார்.

"ஜசிந்தா!"

திரும்பவில்லை.

"ஜசிந்தா!"

மூன்றாவது தடவை நின்றாள். மெதுவாக, சந்தேகத்தோடு, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போலத் திரும்பினாள். தாய் சிரிக்கவில்லை. கிள்ளவும் இல்லை. நான்காம் தடவையும் கூப்பிட்டார், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

நான் சாலையின் மறுபக்கம் நின்றிருந்தேன். ஜசிந்தா என்னைப் பார்த்தாள். கை அசைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

ஏப்ரல் 15, ஞாயிறு

பின்பக்கமும் முன்பக்கமும் சந்திக்க இன்னும் நாலு தாள்தான். இந்த மாதக் கடிதத்தை எழுதிவிட்டேன். மூன்று தடவை கிழித்து, நாலாவது இது. நாளைக் காலை தபாலில் போடுமுன் இங்கே பிரதி எடுத்து வைக்கிறேன், பயந்து மாற்றி எழுதிவிடாமல் இருக்க.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். பனி கரைந்துவிட்டது. ஆறு சத்தம் போடுகிறது.

உபதேசியார் ஐயா, இதை வழக்கம்போல உரக்கவே படியுங்கள். குரலைத் தாழ்த்த வேண்டாம்.

பதினாலு வருடத்துக்கு முன் காலரா வந்த மாதத்தில் உங்கள் அடக்கப் புத்தகத்தில் பூரணம், வயது ஏழு என்று எழுதியிருப்பீர்கள். அம்மா அப்படித்தான் சொன்னாள். அது தேவக்கனி, வயது ஒன்பது. தயவுசெய்து அடித்துத் திருத்துங்கள். அம்மாவை யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். அடுப்பு எரிய வேண்டியிருந்தது, அவளிடம் ஒரு சீட்டும் ஒரு பிள்ளையும்தான் மிச்சம் இருந்தன. அக்காவுக்காக அவள் ஒரு நாள்கூட வாய்விட்டு அழவில்லை. அழுதால் தெரிந்துவிடும் என்று. இப்போது அழட்டும். லைன் பெண்கள் அவளோடு உட்காருங்கள்.

கல்லூரிக்கும் மாதர் சங்கத்துக்கும் நானே எழுதுகிறேன். மிஸ் வாட்லோவிடம் நாளை நேரில் சொல்லிவிடுவேன். பட்டத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவேன். படித்ததை அவர்கள் கேட்க முடியாது.

அம்மா, உன்னை ஒன்று கேட்க வேண்டும். ஏழு வயதிலிருந்து கேட்க நினைத்தது. நீ பதில் எழுதச் சொல்லும்போது உறையின் மேல் தேவக்கனி என்றே இருக்கட்டும், இல்லாவிட்டால் இங்கே தபால்காரர் தரமாட்டார். உள்ளே மட்டும், ஒரே ஒரு தடவை, "ஏட்டி பூரணம்" என்று என்னைக் கூப்பிடு. திரும்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை கூப்பிட்டுக்கொண்டே இரு.